“போமட்” அடிக்க முதல்...

இன்று எங்கள் கிராமங்களில் மாதர் சங்கம், முன்பள்ளி, தையல் நிலையம், கூட்டுறவுக் கடை என்று எங்கே போனாலும், ஒரு மூலையில் துணி போட்டு மூடிய கணினி ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு திட்டம் முடிந்தபோது நிறுவனம் ஒன்று விட்டுப்போனதாக இருக்கலாம். வெளிநாட்டில் உள்ள உறவுகள் சேர்ந்து வாங்கித் தந்ததாகவும் இருக்கலாம். வந்த புதிதில் துடியாக வேலை செய்த அது மூன்று நான்கு வருடத்தில் களைத்துப் போகிறது. சுவிச்சைப் போட்டுவிட்டுத் தேநீர் வைத்துக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அப்போது எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். “கடையில குடுத்துப் போமட் அடியுங்கோ.”

போமட் அடிப்பதென்றால், வன்தட்டில் விண்டோஸ் இருக்கும் பகுதியை முழுதாக வெறுமையாக்கிவிட்டு விண்டோசைப் புதிதாகப் பதிவதாகும். கணினி வேகமாகும், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் இருந்த எங்கள் பொருட்களும் விண்டோசோடு சேர்ந்து போய்விடும்.

வன்னியில் பெண்கள் சங்கங்களோடு வேலை செய்கிறவள் என்பதால் இந்தக் கணினிகளுக்குள் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். சுழற்சிக் கடன் கணக்கும் கூட்ட அறிக்கையும் மட்டும் அல்ல. 2009 இல் ஒரேயொரு பையோடு வெளியே வந்த பெண்கள், அந்தப் பைக்குள் காப்பாற்றிக் கொண்டுவந்த கடதாசிகளை எல்லாம் ஸ்கான் செய்து அதற்குள்தான் வைத்திருக்கிறார்கள். காணி அனுமதிப்பத்திரம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், செஞ்சிலுவைக் குழு கொடுத்த கடிதம், 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகத்துக்கு எழுதிய விண்ணப்பத்தின் பிரதி, கணவரின் ஒரேயொரு படம். மூலப்பிரதி மழையில் நனைந்து, கறையான் அரித்துப் போன பின்னர், கணினியில் உள்ளதே மூலப்பிரதியாகிவிட்ட வீடுகள் பல.

ஒரு கிராமத்தில் அப்படியொரு கணினியைக் கடையொன்றில் கொடுத்தார்கள். மறுநாள் பளிச்சென்று திரும்பி வந்தது. ஸ்கான் செய்த படங்கள் ஒன்றும் இல்லை. கடைக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை. “டீ டிரைவில இருந்ததைத் தொடேல்லையே. மிச்சத்தை எடுத்து வைக்கச் சொல்லி நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை” என்றார். பெண்கள் எல்லாவற்றையும் திரையின் முகப்பிலேயே, அதாவது டெஸ்க்டொப்பில், வைத்திருந்தார்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பது பத்திரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டெஸ்க்டொப்பில் தெரியும் கோப்புகள் உண்மையில் இருப்பது சீ டிரைவுக்குள். போமட்டில் முதலில் போவது அதுதான்.

மெதுவாகிப் போன கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குப் போமட் தேவையில்லை. நாங்களே உட்கார்ந்து ஒரு நாளில் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. விண்டோஸ் 10 உள்ள கணினிகளே எங்கள் சங்கங்களில் அதிகம் என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன்.

மேசையும் அலுமாரியும்

பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் “பணிசெயல் முறைமை” என்று படிப்பிக்கிறார்களே, அதுதான் விண்டோஸ். கணினியின் மற்ற எல்லா வேலைகளுக்கும் இடமும் நேரமும் பிரித்துக் கொடுப்பது அது. அதன் கையில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று றாம். இதைச் சங்கத்தின் மேசை என்று வையுங்கள். மற்றது வன்தட்டு, அதாவது அலுமாரி. எந்த வேலையையும் அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்துத்தான் செய்ய முடியும். மேசை நிரம்பிவிட்டால் சில கடதாசிகளைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்து, தேவைப்படும்போது மீண்டும் எடுத்து, இப்படியே நடக்க வேண்டும். வட்டம் சுற்றுவது இந்த நடையைத்தான்.

விண்டோஸ் 10 இற்கு 2 ஜீ.பி. றாம் போதும் என்று அதைத் தயாரித்த மைக்ரோசொப்ட் எழுதியிருந்தது. 2 ஜீ.பி. மேசையில் விண்டோசே கையைக் காலை நீட்டிப் படுத்துவிடும். 4 ஜீ.பி. இருந்தால் சமாளிக்கலாம், 8 இருந்தால் நிம்மதி.

முதல் வேலை துடைப்பம் அல்ல

“வீடு கூட்டுற மாதிரித்தான், பொம்பிளையளுக்கு இது சுகம்” என்று சொல்லிக் கணினி படிப்பிக்கும் பயிற்றுநர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. பெண் என்றாலே துடைப்பம் நினைவுக்கு வருகிறதே என்ற கோபம் ஒருபுறம். அதைவிட, வீடு கூட்டும்போது குப்பை எது, நகை எது என்று கண்ணுக்குத் தெரியும். கணினிக்குள் எல்லாம் ஒரே மாதிரியான சின்னப் படங்கள்.

ஆகவே முதலில் பிரதி எடுங்கள். டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கு இடங்களிலும் உள்ளவற்றை ஒரு பென்டிரைவுக்கோ வெளி வன்தட்டுக்கோ பிரதி செய்து, பின்னர் வேறொரு கணினியில் போட்டு அவை திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று நம்ப வேண்டாம். டீ டிரைவுக்கு மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். சீயும் டீயும் பெரும்பாலும் ஒரே வன்தட்டின் இரண்டு தட்டுகள். அலுமாரி எரிந்தால் மேல்தட்டும் எரியும், கீழ்த்தட்டும் எரியும். இரண்டாவது பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். பத்திரங்களை ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணினிக்குள்ளிருந்து “டிக், டிக்” என்று சத்தம் கேட்டால், அல்லது ஒரு கோப்பைத் திறக்கும்போது எல்லாம் உறைந்து நின்றால், துப்புரவாக்கும் வேலையைத் தொடங்கவே வேண்டாம். வன்தட்டு சாகப்போகிறது என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். முக்கியமானவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு, உடனே நிறுத்திவிட்டு, தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

யார் யார் மேசையில் இருக்கிறார்கள்?

கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். சிறிய பெட்டியாக வந்தால் கீழே உள்ள “மோர் டீடெய்ல்ஸ்” என்பதை அழுத்துங்கள். சீ.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற நிரல்களில் எது தொண்ணூறு, நூறு வீதம் என்று சிவந்து நிற்கிறது என்று பாருங்கள். மெமரி என்றால் மேசை நிரம்பியிருக்கிறது. டிஸ்க் என்றால் அலுமாரிக்கும் மேசைக்கும் இடையிலான நடை. ஒரு விடயம்: கணினி திறந்த முதல் ஐந்து பத்து நிமிடம் பழைய வன்தட்டு நூறு வீதத்தில்தான் நிற்கும். அது அடங்கும்வரை ஒன்றையும் சொடுக்காமல் இருங்கள். பொறுமையிழந்து பத்துத் தரம் சொடுக்கினால் பத்து வேலையும் வரிசையில் நிற்கும்.

அதே பெட்டியில் “ஸ்டார்ட்அப்” என்றொரு பகுதி உண்டு. கணினி திறக்கும்போதே யாரும் கூப்பிடாமல் வந்து மேசையில் உட்காரும் மென்பொருட்களின் பெயர்ப்பட்டியல் அது. நாங்கள் பார்த்த ஒரு கணினியில் பதினேழு இருந்தன. எப்போதோ கழற்றி விட்ட அச்சியந்திரம் ஒன்றின் மென்பொருள், வீடியோவில் கதைப்பதற்கு ஒருமுறை போட்ட ஸ்கைப் (அந்தச் சேவையே 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது), பாட்டுக் கேட்கும் மென்பொருட்கள் மூன்று. தேவையற்றதன் மேல் வலது பக்கம் சொடுக்கி “டிசேபிள்” கொடுத்தால் போதும். அது அழியாது. தேவையானபோது நாங்கள் கூப்பிட்டால் வரும். வைரஸ் தடுப்பையும், பெயர் விளங்காதவற்றையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

வைரஸ் தடுப்பு என்றதும் இன்னொன்று. கடையில் வாங்கும்போது போட்டுவிட்ட, தவணை முடிந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் “பணம் கட்டு, பணம் கட்டு” என்று கத்திக்கொண்டு பல கணினிகளில் கிடக்கிறது. அதை முறைப்படி நீக்கிவிட்டால் விண்டோஸ் 10 இலேயே உள்ள டிபென்டர் தானாகப் பொறுப்பெடுத்துக்கொள்ளும். இரண்டு காவற்காரர் ஒரு வாசலில் நின்றால் ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் வைரஸ் பெரும்பாலும் வருவது கொமினிகேசன் கடையிலிருந்து திரும்பும் பென்டிரைவில்தான். பென்டிரைவைத் திறந்தால் கோப்புறைகள் எல்லாம் அம்புக்குறி போட்ட குறுக்குவழிகளாகத் தெரியும். “எல்லாம் போட்டுது” என்று அழுதுகொண்டு ஒரு தங்கச்சி வந்தாள். போகவில்லை. வைரஸ் உண்மையான கோப்புறைகளை ஒளித்துவிட்டுத் தன்னுடைய படத்தை முன்னால் வைக்கிறது. அந்த அம்புக்குறிகளைச் சொடுக்க வேண்டாம், பென்டிரைவைப் போமட் செய்யவும் வேண்டாம். முதலில் டிபென்டரால் சோதியுங்கள். பிறகு “வியூ” பகுதியில் ஒளித்த கோப்புகளைக் காட்டும்படி தெரிவு செய்யுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் விடயம் தெரிந்த ஒருவர் ஒளிப்பை நீக்கித் தருவார்.

எதை அழிக்கலாம்?

“திஸ் பீ.சி.” என்பதைத் திறந்தால் சீ டிரைவின் பட்டை தெரியும். பத்து வீதத்துக்கும் குறைவாக இடம் இருந்தால் அது சிவப்பாக மாறும். விண்டோஸ் தனது தற்காலிக வேலைகளை வைக்க வெறும் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் மூச்சு முட்டும். சீ டிரைவின் மேல் வலது பக்கம் சொடுக்கி “புரொப்பர்டீஸ்”, அதற்குள் “டிஸ்க் கிளீனப்” என்று போங்கள். தற்காலிகக் கோப்புகள், இணையத்தில் உலாவியபோது சேர்ந்தவை, பழைய அப்டேட்டுகளின் மிச்சம் என்பவற்றைத் தயங்காமல் தெரிவு செய்யலாம்.

தயங்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று ரீசைக்கிள் பின். அதைத் திறந்து பார்த்துவிட்டே வெறுமையாக்குங்கள். மற்றது டவுன்லோட்ஸ். செட்டிங்ஸுக்குள் இருக்கும் “ஸ்டோரேஜ்” பகுதியால் துப்புரவாக்கும்போது, அழிக்கக்கூடியவற்றின் பட்டியலில் இதுவும் நிற்கும். எங்கள் பெண்களுக்கு வட்சப்பிலும் மின்னஞ்சலிலும் வந்த சான்றிதழ்கள், அழைப்புக் கடிதங்கள் எல்லாம் போய் விழுந்திருப்பது அங்கேதான். விண்டோசுக்கு அது குப்பைத்தொட்டி போலத் தெரியும். நீங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து, உரியவரின் பெயரில் கோப்புறை போட்டு மாற்றிய பின்னரே அதைத் தொட வேண்டும். நாங்கள் இதற்கு மட்டும் ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழித்தோம். அதில் கிடைத்த கடிதமொன்றை அதன் சொந்தக்காரி இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

“விண்டோஸ்” என்ற பெயருள்ள கோப்புறைக்குள் போய்க் கையால் எதையும் அழிக்காதீர்கள். “உங்கள் கணினி மெதுவாக உள்ளது, இங்கே சொடுக்குங்கள்” என்று இணையத்தில் மின்னும் விளம்பரங்களைத் தொடவே வேண்டாம். “ரெஜிஸ்ட்ரி” துப்புரவாக்கி என்று இலவசமாக வரும் மென்பொருட்களையும் நான் ஆதரிப்பதில்லை. அவற்றைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொப்டே சொல்லியிருக்கிறது.

சிறியதொரு விடயம், ஆனால் பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 10 இல் “ஷட் டவுன்” கொடுத்தால் அது முழுதாக உறங்குவதில்லை. அடுத்த முறை விரைவாக எழும்புவதற்காகத் தன் நிலையின் ஒரு பகுதியை வன்தட்டில் எழுதி வைத்துவிட்டே படுக்கிறது. பழைய சிக்கல்களும் அதோடு எழும்பி வரும். வாரத்துக்கு ஒருமுறை “ரீஸ்டார்ட்” கொடுங்கள். அதுதான் உண்மையான புதுத் தொடக்கம்.

புழுதியும் மின்வெட்டும்

எங்கள் செம்மண் புழுதியும் ஒரு காரணம். உள்ளேயுள்ள காற்றாடி புழுதியால் அடைபட்டால் கணினி சூடாகும். சூடானால் அதன் மூளை எரிந்து போகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சார வயரைக் கழற்றிவிட்டு, சுவிச்சைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கி, பக்கத் தகட்டைத் திறந்து, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். காற்று ஊதும்போது காற்றாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத் துணி கூடாது. பல்லி முட்டையும் எறும்புப் புற்றும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

2022 இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் வன்தட்டில் எழுத்து பாதியில் நிற்கும். அடுத்த முறை திறக்கும்போது கணினி தானே வன்தட்டைச் சோதிக்கத் தொடங்கினால் இடையில் நிறுத்தாதீர்கள். ஒரு மணித்தியாலம் எடுத்தாலும் எடுக்கட்டும்.

கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால்

இதை எழுதுவதா என்று யோசித்தேன். ஆனாலும் வேண்டும். கணினிக்குள் பெண்களின் படங்களும், வீட்டு வன்முறை பற்றி அவர்கள் சொன்னவையும், தேடும் உறவுகளின் விபரங்களும் இருக்கின்றன. அதைத் தெரியாத ஒருவரிடம் இரவு முழுக்க விட்டுவிட்டு வருவது சரியல்ல. அழித்துவிட்டுக் கொடுத்தாலும், அழித்ததை மீட்கும் மென்பொருட்கள் உண்டு. கோளாறு திரையிலோ மின்சாரப் பகுதியிலோ என்றால் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு பேராகப் போய் வேலை முடியும்வரை கடையில் இருங்கள். “நம்பிக்கையில்லையோ?” என்று கேட்டால் “சங்கத்தின்ர விதி” என்று சொல்லுங்கள்.

போமட் தவிர்க்க முடியாதது என்றாலும், பிரதி கையில் இருந்தால் பயமில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எங்கள் பழைய கடிதங்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவை. புதிதாகப் பதிந்த விண்டோசில் பாமினி இருக்காது. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கண்டபடி நிற்கும். பழுதாகிவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பாமினியைத் திரும்பப் பதிந்தால் தமிழ் வந்துவிடும். அந்த எழுத்துருவையும் உங்கள் பென்டிரைவில் சேர்த்து வையுங்கள். இனி எழுதுவதை யூனிகோட்டில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு சங்கத்தில் நடந்தது

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு மாதர் சங்கம். 4 ஜீ.பி. றாமும் 500 ஜீ.பி. வன்தட்டும் உள்ள பழைய கணினி. திறந்து கணக்குப் புத்தகம் தெரியப் பன்னிரண்டு நிமிடம். தலைவி அக்கா என்னைக் கண்டதும் கேட்டார், “என்ன பிள்ளை, இது இனிச் சரிவராதோ? இதுக்குள்ளதான் எங்கட எல்லாம் கிடக்கு.”

மேலே சொன்னவற்றை எல்லாம் இரண்டு நாட்களில் செய்தோம். நான் செய்யவில்லை. கணக்குப் பார்க்கும் தங்கச்சி சொடுக்க, மற்றவர்கள் சுற்றி நின்று “அதை விடு, அது என்ர” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு நிமிடம் ஐந்தாகக் குறைந்தது. அதற்குமேல் குறையவில்லை. அந்த இடத்தில் துப்புரவின் எல்லை வந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய வகை வன்தட்டுக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தரம் சுழல, ஊசி போன்ற ஒன்று ஓடியோடித் தேடுகிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகையில் சுழல்வதற்கு ஒன்றுமே இல்லை. பழையது விநாடிக்கு நூறு மெகாபைற் அளவில் வாசித்தால், சாதாரண எஸ்.எஸ்.டி. ஐந்நூறு அளவில் வாசிக்கும். புதுக் கணினி வாங்குவதைவிட மிகக் குறைந்த செலவு. பழைய வன்தட்டில் உள்ளதை அப்படியே அதற்குப் பிரதி செய்யலாம், போமட் தேவையில்லை.

சங்கம் கூடிக் கதைத்தது. விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டதையும் சொன்னேன். அந்தக் கணினி தொடர்ந்து வேலை செய்யும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. விண்டோஸ் 11 அந்தப் பழைய கணினியில் ஏறாது, லினக்ஸ் என்ற இலவச முறைமை ஏறும். லினக்சைப் பழக இப்போது நேரமில்லை என்றார்கள். அது நியாயமான பதில்தான். ஆகவே அந்தக் கணினியை இணையத்திலிருந்து கழற்றி, கணக்குக்கும் பத்திரங்களுக்கும் மட்டும் வைப்பதென்றும், இணைய வேலையைக் கைபேசியில் பார்ப்பதென்றும் முடிவாகியது. எஸ்.எஸ்.டி. வாங்கச் சங்கப் பணத்தில் ஒதுக்கினார்கள். தலைவி அக்காவும் தங்கச்சியும் கடையில் அரை நாள் இருந்து மாற்றிக்கொண்டு வந்தார்கள். இப்போது ஒரு நிமிடத்துக்குள் கணக்குப் புத்தகம் தெரிகிறது.

பழைய வன்தட்டைக் கடைக்காரர் கேட்டாராம். கொடுக்கவில்லை. துணியில் சுற்றி, திகதி எழுதி, வங்கிப் புத்தகங்கள் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மாதக் கூட்ட நாளில் பென்டிரைவில் புதிய பிரதி எடுப்பது தங்கச்சியின் பொறுப்பு. எடுத்ததைத் திறந்து பார்ப்பது தலைவி அக்காவின் பொறுப்பு.